அவங்களுக்கு அஞ்சு நிமிஷம், எனக்கு ஒரு மணி நேரம்

"எல்லாரும் உக்காருங்க. சாப்பாட்டு டப்பாவ மூடுங்க, அப்படியே வாயையும் மூடுங்க. இன்னிக்கு ஒரு உண்மை வெளிய வந்தாகணும்."

மத்தியானம் ஷட்டரப் பாதி இறக்கினதும் இப்படித்தான் ஆரம்பிச்சேன்.

எங்களுது மூக்குக் கண்ணாடிக் கடை. மொதலாளி வெளிய போயிருந்தாரு. இருந்தது மூணு பேரு. ஃப்ரேம் அடுக்கற மாமா, கண் டெஸ்ட் பண்ற தங்கச்சி, அப்புறம் உள்ரூம்ல லென்ஸ் தேய்க்கற அக்கா. அக்காகிட்ட வருஷத்துக்குப் பத்து வார்த்தை எதிர்பார்க்கலாம். அதுல ஆறு "ம்".

நான் முன் ஸ்டூல் ஆளு. கஸ்டமர் மூஞ்சியில கண்ணாடி மாட்டி, அளவு பாத்து, காதுப் பக்கம் வளைச்சு விடறவன். பத்து வருஷமா அதே ஸ்டூல். அதாவது மூணு வாரம் முன்னாடி வரைக்கும்.

மூணு வாரம் முன்னாடி மொதலாளி என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு உள்ரூம்ல இருன்னுட்டாரு. முன் ஸ்டூல்ல யாரு? அக்கா. வாயே தொறக்காத ஆளு கஸ்டமர்கிட்டப் பேசணுமாம். எனக்கு அன்னிக்கே பொறி தட்டுச்சு. ஸ்டூல் யாருக்குன்னு இன்னிக்கு சாயந்திரம் முடிவா சொல்றேன்னிருக்காரு. அதுக்குள்ள நான் கேஸ ஜெயிச்சாகணும்.

"மொதல் விஷயம். என் குட்டி ஸ்க்ரூ டிரைவர் எங்க போச்சு?"

கண்ணாடிக் காலுக்கு ஸ்க்ரூ முடுக்கறது அது. ஊசி மாதிரி இருக்கும். அதாலதான் வாராவாரம் என் பல்லுல இருக்கற காரையச் சுரண்டுவேன். கடை பூரா முகம் பாக்கற கண்ணாடி, வேறென்ன வேணும்? டக்குன்னு ஒரு துண்டு தெறிக்கும் பாருங்க, செவுத்துல சுண்ணாம்பு பேர்ந்த மாதிரி, அந்த சந்தோஷமே தனி. ஒரு நாள் அக்கா பாத்துட்டாங்க. "ம்" கூட சொல்லல. மறுநாள் ட்ராயர்ல புதுசு ஒண்ணு கெடக்குது. என்னோடதக் காணோம்.

"போதும்ப்பா, சாப்பிடலாம்"னாரு மாமா.

இவரு எதுக்குப் பதறறாரு? மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

"ரெண்டாவது. திடீர்னு எல்லாரும் பல் க்ளீனிங் போங்கன்னு மொதலாளி ஆர்டர். எந்தக் கண்ணாடிக் கடையில இப்படி உண்டு? சரி, அந்தப் பல் ஆஸ்பத்திரி வாசல்ல டோக்கன் குடுக்கற பொண்ணு யாரு? அக்காவோட நாத்தனார் பொண்ணு."

தங்கச்சி, "விடுண்ணே, நல்லதுக்குத்தான்"னு முணுமுணுத்தா. இவளும் கூட்டு.

"மூணாவதுதான் முக்கியம். மாமா உள்ள போனாரு, அஞ்சு நிமிஷத்துல வெளிய. தங்கச்சி அஞ்சு. அக்கா அஞ்சு. எனக்கு மட்டும் ஒரு மணி நேரம். போதாததுக்கு மறுபடியும் வாங்கன்னு ஒரு சீட்டு."

எழுந்து நின்னு அந்த டாக்டரம்மாவ அப்படியே செஞ்சு காட்டினேன். மாஸ்க்குக்கு மேல ரெண்டு கண்ணு. கையில மிஷினு, ஙொய்ய்ய்ங்னு. நடுவுல நிறுத்தி, எதால சுரண்டினீங்க, பல்லு மேல பூரா கோடு கோடா இருக்கேன்னாங்க. வாய் நெறைய தண்ணியோட நான், "ஹ்க்ஹூ ஹ்ரைவர்"னேன். அவங்க நாற்காலியத் தள்ளிப் போட்டு, மிஷினக் கீழ வெச்சுட்டாங்க. மேல தெரியறத மட்டும் பேர்த்துட்டு, ஈறுக்கு உள்ள இருக்கறத அப்படியே வளத்து வெச்சிருக்கீங்க, அது வீட்ல வராதுன்னாங்க.

நான் நம்பல. வீட்டுக்கு வந்து நாக்கால தடவிப் பாத்தா பல்லுக்குப் பல்லு சந்து.

"பல்லையே ராவிட்டாங்க. அக்கா லென்ஸ் ராவற மாதிரி."

மாமா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. சிரிக்கிறாரா, வருத்தமான்னு புரியல. நான் விடுவேனா?

"கடைசியா ஒண்ணு. எந்தக் கஸ்டமராவது என்னைக் குறை சொன்னதுண்டா? நான் கிட்டப் போனாலே ஒரு மரியாதை. எப்படி உக்காருவாங்க தெரியுமா?"

அதையும் செஞ்சு காட்டினேன். கண்ண இறுக்கி மூடி, மூச்ச அடக்கி, கழுத்த மெதுவாப் பின்னாடி இழுத்து, தண்ணிக்குள்ள முங்கினவன் மாதிரி.

எப்பவும் இதுக்கு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க. இன்னிக்கு யாரும் சிரிக்கல.

"ஆக மொத்தம், அக்காவுக்கு என் ஸ்டூல் மேல கண்ணு. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க அக்கா."

அக்கா ஒரு லென்ஸத் துணியால தொடச்சுக்கிட்டிருந்தாங்க. தலைய நிமிர்த்தல.

"ஸ்டூல் உனக்குத்தான், தம்பி. ரெண்டு கஸ்டமர் மூக்கப் பொத்திக்கிட்டு எழுந்து போனப்ப, மொதலாளி உன்னை நிறுத்திடறேன்னாரு. மூணு வாரம் குடுங்க, அதுவரைக்கும் நான் உக்காந்துக்கறேன்னேன். இன்னிக்குக் காலைல சரின்னுட்டாரு."

அப்பவும் என் வாய் சும்மா இருக்குமா? அப்படின்னா எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே, எதுக்கு எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போனீங்கன்னு கேட்டேன்.

"எங்க மூணு பேருக்கும் அங்க ஒண்ணும் பண்ணல. அஞ்சு நிமிஷம் சும்மா வாயத் தொறந்து படுத்துட்டு வந்தோம்."

லென்ஸ வெளிச்சத்துக்கு நேராத் தூக்கி, அதுல அழுக்கு இருக்கான்னு பாத்துக்கிட்டே சொன்னாங்க:

"உன்னை மட்டும் அனுப்பியிருந்தா, மறுநாளே யாராவது இப்படி எழுந்து நின்னு உன்னை செஞ்சு காட்டியிருப்பாங்களே."