ஒரு டம்ளர் கஞ்சி

குடல் தொற்றில் பதினெட்டு நாள் கிடந்த தணிகாசலத்துக்கு அன்று காலைதான் மூக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு வாய் கஞ்சியாவது இறங்காவிட்டால் திரும்பவும் குழாய்தான் என்று நர்ஸ் ரெஜினா சொல்லியிருந்தாள். மனைவி பூங்கோதை கஞ்சியை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஃபிளாஸ்கைக் கழுவப் போனாள். கஞ்சியின் மேல் ஆடை படிந்து, ஆறிவரும் புண்ணின் தோலைப்போலச் சுருங்கியது. ஒரு வாய் எடுத்தான். நாக்கில் பட்டதும் அது வெதுவெதுப்பான சளியாக வழுக்கியது. விழுங்க முடியாமல் டம்ளருக்குள்ளேயே துப்பினான். இரண்டாவது வாயும் நூல் நூலாக எச்சிலோடு திரும்பியது.

"இறங்குச்சா சார்?" ரெஜினா கட்டிலருகே வந்து நின்றாள். பின்னாலேயே பூங்கோதை.

"ரெண்டு வாய் போச்சு, சிஸ்டர்."

ரெஜினா குறித்துக்கொண்டாள்.

"மிச்சத்த நான் குடிச்சிடறேன். காலையிலேர்ந்து வெறும் டீதான்" என்று பூங்கோதை டம்ளரை எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் தட்டில் மிஞ்சியதை அவள் வீணாக்கியதில்லை. கஞ்சியின் மேல் அவனுடைய எச்சில் நுரை மிதந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தால் பக்கத்திலேயே ரெஜினா. டம்ளர் அவள் உதட்டுக்குப் போய்விட்டது.

"குடுடி. எனக்கு இன்னும் பசிக்குது."

பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு, அடிவரைக்கும் குடித்தான்.

"பரவாயில்லையே" என்றாள் ரெஜினா.

பூங்கோதைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பொண்டாட்டிக்கு ஒரு வாய் வைக்கணும்னு தோணுச்சா பாருங்க, சிஸ்டர். நல்லா இருந்துச்சாங்க?"

தொண்டைவரை ஏறி வந்ததை உதடுகளை இறுக்கி நிறுத்திக்கொண்டு, அவன் தலையை மட்டும் ஆட்டினான்.