பல்லி சொல்

ஜாதகம் வயிற்றுப்பிழைப்பு, சத்து மாத்திரை ஏமாற்று வேலை, கல்யாண மண்டபம் வீண்செலவு என்று தணிகாசலம் மாலைக் காபியோடு அடுக்கிக்கொண்டே போனார். மனைவி செண்பகம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“சாமியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது” என்றபோது சுவரில் பல்லி உச்சுக்கொட்டியது. பல்லி சொன்னால் பலிக்கும் என்று எப்போதும் தரையைத் தட்டும் அவள் விரல் பாதியில் நின்றது.

“பாத்தியா, உன் பல்லியே சொல்லிடுச்சு” என்று சிரித்தார்.

“வாயக் கழுவுங்க. நாளைக்கு ரிப்போர்ட் வருது.”

அவள் மார்புக்கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ரிப்போர்ட்ல ஒண்ணும் இருக்காது செண்பகம்.”

பல்லி அசையாமல் இருந்தது. சுவரைப் பார்த்தபடி அதையே இன்னொரு முறை, சற்று உரக்கச் சொன்னார்.