முன்பல் நாலும்

"பாக்கு போடுறவன் எவனா இருந்தாலும் இன்னைக்குத் தெரிஞ்சிடும். ஆசிட் செக்‌ஷன் ஆளுங்க மொதல்ல வாங்க" என்றார் ஹெச்.ஆர். மேனேஜர் மோகன்ராஜ்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலை. அதன் கேன்டீனில் சாப்பாட்டு மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பல் பரிசோதனை முகாம் நடந்துகொண்டிருந்தது.

குணாவும் வரிசையில் போய் நின்றான். துரு போவதற்காக இரும்புக் கம்பிகளை ஆசிட் தொட்டியில் முக்கி எடுப்பது அவன் வேலை. அந்தப் புகையில் நின்று நின்று முன்பற்கள் பாதியாகிவிட்டன. புகையை வெளியே இழுக்க ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டபோது முதலாளி ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

"பாக்கு போட்டு வாயைக் கெடுத்துக்கினு, ஃபேக்டரி மேல பழி போடாதீங்க. இனிமே பாக்கு போடுறவனுக்கு இங்க வேலை கிடையாது."

குணா பாக்கைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அவன் பல்லைப் பார்த்தால் யார் நம்பப்போகிறார்கள்?

"நம்மள வெளிய தள்றதுக்கு டாக்டரை வேற இட்டாந்துகீறான் பாருண்ணே" என்றான், வரிசையில் முன்னால் நின்ற கலியனிடம்.

"மோகன்ராஜைச் சொல்றியா? மொதலாளி இருமினா, இவன் கர்சீப் எடுத்துக்கினு ஓடுவான். அவன்கிட்ட இன்னாத்த எதிர்பாக்குற?"

முதலாளி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பழவேற்காட்டிலிருந்து வந்த பல் டாக்டர் ஜாஹிதா, கலியனின் வாயில் டார்ச் அடித்தார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. உதவிக்கு வந்த பிரின்சியிடம் கணீரென்று சொன்னார்.

"ஒன் ஒன், டூ ஒன், த்ரீ ஒன், ஃபோர் ஒன். எரோஷன். அடுத்தவங்க வாங்க."

கலியன் எழுந்து வந்தான். "இன்னாடா, பஸ் நம்பர் சொல்ற மாதிரி சொல்லுது இந்தம்மா?"

வரிசையில் சிரிப்பு. அடுத்தவன் உட்கார்ந்தான்.

"ஒன் ஒன், டூ ஒன், த்ரீ ஒன், ஃபோர் ஒன். எரோஷன்."

அதற்கடுத்தவனுக்கும் அதேதான். அவனுக்கு அடுத்தவனுக்கும் அதேதான்.

சிரிப்பு நின்றுவிட்டது. காத்திருந்தவர்கள் நாக்கால் தங்கள் முன்பற்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி போனை மடியில் வைத்தார்.

"என்னம்மா, எல்லாருக்கும் ஒரே நம்பரைச் சொல்றீங்க?"

"இருக்கிறதைத்தான் சொல்றேன் சார். அடுத்தவங்க."

குணா போய் வாயைத் திறந்தான். டாக்டர் டார்ச்சைக் கிட்டே கொண்டுவந்தார்.

"ஒன் ஒன்..."

பின்னால் வரிசையே மெல்ல முணுமுணுத்தது. "டூ ஒன், த்ரீ ஒன், ஃபோர் ஒன்."

குணாவுக்கு உடம்பு சிலிர்த்தது. வேறு வேறு ஊர், வேறு வேறு வயசு, ஆனால் அத்தனை வாயும் ஒரே சாட்சி சொல்கிறதே என்று பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

முதலாளி எழுந்து வந்தார். "அது என்ன நம்பர்?"

"வாயை நாலு பாகமாப் பிரிச்சிருக்கோம் சார். மேல வலது ஒண்ணு, மேல இடது ரெண்டு, கீழ இடது மூணு, கீழ வலது நாலு. அடுத்த நம்பர், நடுவுலேர்ந்து அது எத்தனாவது பல்லுங்கிறதுக்கு. நான் சொன்ன நாலும் நட்டநடு முன்பல். வாயைத் திறந்தா காத்து மொதல்ல படுறது அங்கதான். எரோஷன்னா, ஆசிட் அரிச்சது."

"பாக்கு போட்டா அப்படி ஆகாதா?"

"போடுறவங்க யாராச்சும் இருந்தா உக்காரச் சொல்லுங்க. பார்த்துடுவோம்."

எல்லோர் பார்வையும் ஸ்டோர்ஸ் சுப்பராயன் பக்கம் போனது. தொட்டிப் பக்கமே போகாத மனிதர். ஆனால் காலையில் கன்னத்தில் ஒதுக்கிய பாக்கை மாலையில்தான் துப்புவார். நழுவப் பார்த்தவரை மோகன்ராஜ் தோளில் கை போட்டு அழைத்துவந்து உட்காரவைத்தார்.

"கடைவாயெல்லாம் கறை. த்ரீ சிக்ஸ் சொத்தை, த்ரீ செவன் சொத்தை" என்ற டாக்டர், டார்ச்சை அணைத்தார். "முன்பல் நாலும் முழுசா இருக்கு சார்."



முதலாளி விடுவிடுவென்று ஆசிட் தொட்டிப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்து, மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மோகன்ராஜ், புகையை இழுக்கிற மிஷினுக்கு ஆளைக் கூப்பிடு. அது மாட்டுற வரைக்கும் தொட்டி ஓட வேணாம். இவங்க பல்லுக்கு ஆகிற வைத்தியத்தையும் நம்மளே பார்த்துடலாம்."

டாக்டர் சாமான்களை வண்டியில் ஏற்றும்போது குணா ஓடிவந்து கும்பிட்டான்.

"எங்க வேலையும் போவாம, பல்லும் போவாம காப்பாத்திட்டீங்க மேடம். அந்த மோகன்ராஜ் எங்கள மாட்டிவுடத்தான் இதெல்லாம் பண்ணான்."

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"புகைன்னு சொன்னா உங்க முதலாளி கேம்ப்புக்கே ஒத்துக்க மாட்டார், பாக்குன்னு சொன்னாத்தான் ஒத்துக்குவார்னு உங்களை எல்லாம் வரிசையில நிறுத்தினதே அந்த மோகன்ராஜ்தாம்ப்பா. என் கிளினிக்குக்கு வந்து அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: 'எங்க முதலாளி காரணம் சொன்னா காதுல வாங்க மாட்டார் டாக்டர், ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்தா என்னன்னு கேக்காம விட மாட்டார். அவர் பக்கத்துல உக்காந்திருப்பார், நீங்க நம்பரை மட்டும் சத்தமாச் சொல்லுங்க. என் பசங்க என்னைத் திட்டினாத் திட்டிட்டுப் போறாங்க, பல்லோட திட்டட்டும்.'"