லட்சம் தடவை உட்காரணும்

"உடைஞ்சிடுச்சும்மா. காலையில பத்தே முக்காலுக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கொஞ்சம் நேர்ல வர முடியுமா?"

போனில் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியரின் குரலில் சுரத்தே இல்லை. நாற்காலிப் பட்டறை நடத்தும் அக்கா "வர்றேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த குழாய்க் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?" வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டான் தம்பி.

"போச்சுடா."

எது போச்சு என்று அவன் கேட்கவில்லை. பட்டறையில் எட்டுப் பேரும் ஒரு வாரமாக ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

புது நூலகத்துக்கு நானூறு நாற்காலி. அந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை ஒரு வருஷம் நிம்மதியாக மூச்சு விடும். கிடைக்காவிட்டால் எட்டுப் பேரில் நாலு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். நூலகத்தார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். நூறு கிலோ எடை லட்சம் தடவை உட்கார்ந்து எழுந்த பிறகும் நாற்காலி ஆடாமல் நிற்க வேண்டும். அதற்குக் கல்லூரி சான்றிதழ் தர வேண்டும்.

உட்கார்ந்து எழுவதற்கென்றே கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மெஷின் இருக்கிறது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் ஏதாவது குறை கண்டுபிடிக்கும் என்பதால் மாணவர்கள் அதற்கு வைத்த பெயர் சம்பந்தி.

போன வருஷம் அக்கா கொண்டுபோன நாற்காலி இருபத்திரண்டாயிரத்திலேயே காலை விரித்துவிட்டது. வேறு யாராவது என்றால் தேறவில்லை என்று எழுதிக் கையில் கொடுத்திருப்பார்கள். இந்தப் பேராசிரியர் அதை அறுத்துப் பார்த்து, பின்கால் சேரும் இடத்தில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தார். அதன்பின் ஐந்து மாதம் அவர் பட்டறைக்கு வர, இவர்கள் கல்லூரிக்குப் போக, ஒரே அலைச்சல். இணைப்பை ஒன்றரை விரற்கடை தள்ளி, குழாயின் வளைவை மாற்றி, ஏழாவதாகச் செய்த நாற்காலியைத்தான் போன திங்கட்கிழமை மெஷினில் ஏற்றியிருந்தார்கள்.

அக்காவும் தம்பியும் போனபோது பேராசிரியர் தன் அறையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் டீ ஆறிப்போயிருந்தது.

"பக்கத்து அறையிலதான் கிடக்கு. பாக்கிறீங்களாம்மா?"

"வேண்டாம் சார். உடைஞ்சதைப் போய் எதுக்குப் பாக்கிறது?"

"அதுவும் சரிதான். எனக்கே பாக்கச் சகிக்கல. சரியா எத்தனையாவது தடவையிலன்னா..."

"எண்ணிக்கையைச் சொல்லிடாதீங்க சார். கேட்டா எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது."

தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. "வெல்டிங்லயா சார் விட்டுச்சு?"

"வெல்டிங்லதான். அதுக்குப் பேரு வெல்டிங்காப்பா? சின்னப் பிள்ளை பசை தடவி ஒட்டின மாதிரி இருக்கு. வெச்ச ஆளு மட்டும் கையில கிடைச்சா நறுக்குன்னு நாலு வார்த்தை கேப்பேன்."

பதினோரு வருஷமாக வெல்டிங் வைக்கிறவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "கேளுங்க சார்" என்றான், தரையைப் பார்த்தபடி.

"உன்னை எதுக்குப்பா கேக்கப் போறேன்?"

முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராத பெரிய மனுஷர் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அந்தப் பெருந்தன்மை அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"பிரின்சிபால்கிட்ட இன்னும் சொல்லலம்மா. சொன்னா என்னைத்தான் காய்ச்சி எடுப்பாரு."

"உங்களை எதுக்கு சார் காய்ச்சணும்? எங்க பட்டறைத் தூசியில மணிக்கணக்கா நின்னு வேலை பாத்திருக்கீங்க. கூடப் பொறந்தவங்ககூட இவ்வளவு செய்ய மாட்டாங்க." அக்கா மூச்சை இழுத்து விட்டாள். "ஒரு பதினஞ்சு நாள் மட்டும் கொடுங்க சார். நாங்களே திரும்பச் செஞ்சு கொண்டு வந்துடறோம்."

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் முகத்தில் களை வந்தது.

"நிஜமாவா சொல்றீங்க? இதை உங்ககிட்ட எப்படிக் கேக்கிறதுன்னுதான் காலையிலேர்ந்து முழிச்சிட்டிருக்கேன். இனிமே உங்களுக்கு வேலை தலைக்கு மேல கிடக்குமே."

"இதைவிட எங்களுக்கு என்ன வேலை சார்?"

"அப்போ வெல்டிங்கைத் தம்பியே வைக்கட்டும். அவன் வெச்சா அசையாது."

தம்பி அக்காவைப் பார்த்தான். இப்போதுதானே வாங்கு வாங்கென்று வாங்கினார் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். சும்மா இரு என்று அக்கா அவன் முழங்கையை இடித்தாள். உலகத்தில் இப்படியும் ஒரு மனிதர் இருக்கிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கியது. ஆர்டர் போனாலும் போகட்டும், இவர் ஒருத்தர் கிடைத்ததே போதும் என்றிருந்தது.

"இந்தத் தடவை இன்னும் தடிமனான குழாயா போட்டுடறோம் சார்."

"குழாயே வேண்டாம்மா. கெட்டி இரும்புலயே செஞ்சிடுங்க. முப்பது கிலோ வந்தாலும் பரவாயில்ல."

அக்கா திகைத்தாள். "முப்பது கிலோவுல நாற்காலி செஞ்சா நூலகத்துல அதை யாரு சார் இழுத்துப் போட்டு உக்காருவா?"

"நாற்காலியா?" பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுதான் வெள்ளிக்கிழமையே லட்சத்தை முடிச்சு, சான்றிதழையும் தபால்ல போட்டாச்சே, இன்னும் வந்து சேரலையா? எதுவரைக்கும் தாங்குதுன்னு பாக்கிற ஆசையில சனி, ஞாயிறும் விடாம ஓட்டினேன். ரெண்டு லட்சத்தைத் தாண்டினதும் உடைஞ்சது எங்க மெஷினோட கைதாம்மா."