ப்ரைமர் வேண்டாம்

முதலில் அவன் பெயரை எழுதினாள். குழந்தைவேலு. பட்டை மார்க்கரில், ஹால் சுவரில், முழ நீளத்துக்கு.

வீட்டுச் சொந்தக்காரன். தெருவில் பெரிய மனுஷன்.

அப்புறம் அவன் செய்ததை எழுதினாள். மோட்டார் பார்க்கிற சாக்கில் உள்ளே வந்தது. கையைப் பிடித்து இழுத்தது. இவள் கத்தியதும் வாசலுக்கு ஓடி, இவள்தான் கூப்பிட்டாள் என்று ஊரைக் கூட்டியது. ஒன்றையும் விடவில்லை.

கீழே தன் பெயர். அதையும் பெரிதாகவே போட்டாள். அவளுக்கு என்ன பயம்?

தெரு அவனைத்தான் நம்பியது. தெருவை விடுங்கள். கட்டினவனே, வாயை மூடிக்கொண்டு இரு, வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றான். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

காலி பண்ணுகிறவர்கள்தான் பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டும் என்று குழந்தைவேலு சட்டம் பேசியிருந்தான்.

அடித்துக் கொடுத்தால் போச்சு.

போன வருஷம் மகள் இதே சுவரில் மார்க்கரால் யானை வரைந்தாள். இவள் மேலே பெயிண்ட் அடித்தாள். இரண்டே நாளில் யானை வெளியே வந்துவிட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி வந்தது. முதலில் ப்ரைமர் அடித்து மையை அடைக்க வேண்டும், இல்லையென்றால் எத்தனை கோட் அடித்தாலும் ஊறி மேலே வரும் என்று பெயிண்ட் கடைக்காரர் சிரித்தார்.

இந்தத் தடவை அவரே ப்ரைமர் டப்பாவை எடுத்து வைத்தார். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

சந்தன நிறம். இரண்டு கோட். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. மனசு மட்டும் குளுகுளு என்று இருந்தது.

மறுநாள் குழந்தைவேலு சாவி வாங்க வந்தான், மனைவியோடு.

சுவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். தெரு சங்கத்துக்கு அவன்தான் தலைவராம். ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம் இந்த ஹாலில்தானாம். மொத்தத் தெருவும் இந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்காருமாம்.

உட்காரட்டும். நன்றாகக் கண்ணைத் திறந்துகொண்டு உட்காரட்டும்.

அப்போதுதான் கவனித்தாள். ஜன்னல் பக்கம், சந்தனத்துக்கு அடியிலிருந்து, அவன் பெயரில் தொடங்கி 'கையைப் பிடித்து' என்பது வரை லேசாக ஊறியிருந்தது.

பாழாய்ப்போன மார்க்கர்! ஞாயிறு வரை பொறுக்கக் கூடாதா?

கண்ணாடி இல்லாத அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. அவன் மனைவிக்குத் தெரிந்தது. படித்தாள். கிட்டே போய், விரலால் தடவி, மறுபடி படித்தாள்.

தொலைந்தது.

கூட்டத்துக்கு முன்னால், இன்னும் பளிச்சென்று இருக்க, நம்ம ஆளை விட்டு ப்ரைமரிலிருந்து புதுசாக ஒரு தரம் அடித்துவிடலாமா என்று அவன் மனைவியைக் கேட்டான்.

அந்த அம்மாள் ஜன்னல் கதவைச் சாத்தினாள். சுவரில் வெளிச்சம் குறைந்தது.

"எதுக்குங்க? பாந்தமாத்தான் இருக்கு. இப்படியே இருக்கட்டும்."

அவன் கை நீட்டுமுன் சாவியை வாங்கி, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.