பார்னபியின் இரண்டாவது நடை

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலகுவதா என்று நாடே அடித்துக்கொண்டபோது, யாருக்கும் தெரியாத உண்மையைக் கண்டுபிடித்தது எங்கள் நாய் பார்னபிதான்.

“அளக்காதீங்க,” என்றாள் மனைவி டோரீன், நான் இந்தக் கதையை ஆரம்பித்ததுமே.

நான் விலகணும் கட்சி. அவள் இருக்கணும் கட்சி. நாங்கள் போட்ட கூச்சல் பாரிஸ்வரை கேட்டிருக்கும். ஒருவர் ஓட்டை மற்றவர் ஓட்டு அடித்துவிடும், ஆகவே இருவருமே போடவேண்டாம் என்று சத்தியம் செய்துகொண்டோம்.

வாக்குப்பதிவு நாள் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாலையில் பார்னபியின் வாரை எடுத்தேன்.

“காலைலயே நடந்துட்டு வந்துட்டானே!” டோரீன் பதறினாள்.

“இன்னொரு நடை போகட்டும், பாவம்.”

தேவாலயக் கூடத்து வாக்குச்சாவடி வாசலில், நாய்களுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

“வாடா பார்னபி! காலைல அம்மாவோட வந்தே, இப்ப அப்பாவோடயா?”

நான் இதைச் சொல்லி முடித்ததும், டோரீன் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: “சரி, நடந்ததுதான். நீங்க எதுக்குப் போனீங்களோ, அதுக்குத்தான் நானும் போனேன்.”