மணிக்கட்டுப் பிடி

"என் பெருவிரல் பக்கமா முறுக்கி வெடுக்குன்னு உருவணும்ட்டி!" என்றான் ரூபஸ்.

அவன் மனைவி ஷைலா இழுத்துப் பார்த்தாள். அவன் பிடியிலிருந்து மணிக்கட்டு விடுபடவே இல்லை.

"கராத்தே கிளாஸ்ல என்னதான் படிச்ச? நான் மஸ்கட் போனப்புறம் எவனாவது கையைப் பிடிச்சா என்ன செய்வ?"

"இன்னொரு தடவை பிடிங்க."

மறுபடியும் தோற்றாள். இவளைத் தனியே விட்டுப் போகிறோமே என்று ரூபஸுக்கு மனசு அடித்துக்கொண்டது.

அவளோடு கராத்தே படிக்கும் அவன் தங்கை ஜெபிஷா உள்ளே வந்தாள்.

"அண்ணே, ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆட்டோ வந்துட்டு." இருவரையும் பார்த்தவள் திகைத்தாள். "என்ன மதினி, நேத்து மாஸ்டர் பிடியையே ஒரே முறுக்குல உருவுனீங்க! இப்ப என்னாச்சு?"

ஷைலா தலையைக் குனிந்துகொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

ரூபஸ் பிடியைத் தளர்த்தாமலே சொன்னான்:

"ஆட்டோக்கார அண்ணாச்சியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு ஜெபி."